வெள்ளைக் கட்டை அடித்த நிலம்

நாலாம் நாள் காலை
தட்டில் சுருக்கம் விழுந்த ஊதா வட்டங்கள்.
மூடியைத் திறந்து மணக்கக் கூடாது என்று
சுவரில் எழுதி ஒட்டியவள் நான்தான்.
ஆனாலும் வந்துவிட்டது மூக்குக்கு,
முதல் மழைக்கு இரணைமடுப் பக்கம் எழும்புமே,
அந்த மணம்.

நுணுக்குக்காட்டிக்குக் கீழே
இரண்டு முனையும் சிவந்து நடு வெளிறி
யாரோ கொட்டிவிட்ட சட்டை ஊக்குகள்.
மற்றத் தட்டில்
ஜெந்தமைசின் வில்லையை ஒட்டியே முளைத்திருந்தன,
பயமில்லாமல்.

பெயர் சுகிர்தமலர். வயது நாற்பத்தொன்று.
ஊர் ஒட்டுசுட்டான்.
தொழில் என்ற கட்டத்தில்
'மிதிவெடி' என்று மட்டும் எழுதியிருக்கிறார் வாட்டுத் தாதி.
அகற்றுபவர் என்ற சொல்லுக்கு இடம் போதவில்லை.

மார்கழி முழுக்க முழங்காலில் நின்று
சாண் சாணாய் மண்ணைச் சுரண்டியவள்.
முகத்துக்குக் கவசம், நெஞ்சுக்குக் கவசம்,
முழங்காலில் ஒரு சிராய்ப்பு.
வழி அவ்வளவுதான்.

புதைந்து கிடக்கும் வெடிபோலத்தான் இதுவும் என்றார்
டொக்டர் நிமலகாந்தன்.
யாரும் சொல்லக்கூடியதுதான்.
எனக்கு அது சரியாய்ப் படவில்லை.
வெடிக்கு ஒன்றும் தெரியாது.
மாட்டின் காலும் பிள்ளையின் காலும் அதற்குப் பாரம்.
இது விசாரிக்கிறது.

சூடு எவ்வளவு என்று விசாரிக்கிறது.
ஒரு சின்ன மூலக்கூறைக் கசியவிட்டு
அது திரும்பி வந்து தொடும் அளவைப் பார்த்து
பக்கத்தில் எத்தனை பேர் என்று எண்ணுகிறது.
ஆள் போதாவிட்டால்
சில ஏடுகள் மூடியே கிடக்கும்.

பிறகு இரும்பு.
சேற்றில் அதற்குக் குறைவில்லை,
எங்கள் சேற்றில் சொல்லவே வேண்டாம்.
இரும்பு இருக்கும்வரைக்கும்
பரம்பரையலகின் வாசலில் ஒரு புரதம்
குந்தியிருக்கும், எழும்பாது.
அது எழும்பாதவரை
உள்ளே உள்ளதை யாரும் வாசிக்க ஏலாது.

உடம்பு கெட்டிக்காரி.
காய்ச்சல் தொடங்கியதும்
இரும்பையெல்லாம் அள்ளி ஈரலுக்குள் பூட்டிவிடும்.
குருதியில் துணிக்கை விடாது.
பட்டினி போட்டால் செத்துப்போகும் என்று கணக்கு.

அந்தக் கணக்கு எனக்குத் தெரியும்.
தொண்ணூறுகளில் எங்களுக்கும் ஒரு பட்டியல் இருந்தது.
சவர்க்காரம், பற்றரி, சீமெந்து, மண்ணெண்ணெய்.
தாண்டிக்குளத்தில் இறக்கி வைத்துவிட்டுத்தான் வரலாம்.
பனம்பழத்தில் உடுப்புத் தோய்த்தோம்.
சைக்கிள் டைனமோவை மிதித்து மிதித்து
வானொலி கேட்டோம்.
எங்களுக்குள் எது திறந்ததோ அப்போது,
அதற்கு முன் எங்கே மூடிக் கிடந்ததோ.

இரும்பு போனதும் வாசல் புரதத்தின் பிடி நழுவுகிறது.
இரும்பைக் கொளுவி இழுத்துவரும் துண்டுகள்
முதலில் உருவாகி வெளியே நீந்துகின்றன.
பின்னால் மற்றவை,
கலத்தின் சுவரில் ஊசி ஏற்றுபவை,
கலத்தோடு கலத்தை ஒட்டி
உள்ளுக்குள்ளேயே வழி வெட்டுபவை.

எதிரியை மெச்சுகிறேனா?
காலை ஆறு மணிக்கு,
தேத்தண்ணி படாத வயிற்றோடு,
கொஞ்சம்.

எக்ஸ்ரேயில் அவளுடைய தொடைக்குள்
நெல்லளவு பழைய சிதறல் ஒன்று.
உடம்பு பூட்ட மறந்த இரும்பு.
காய்ச்சலுக்கும் அதற்கும் தொடர்பில்லை.
எழுத என்னுடைய தாளில் கட்டமும் இல்லை.

முடிவை நானே கொண்டுபோனேன் வாட்டுக்கு.
மெரோபெனம் ஏற்றத் தொடங்கியிருந்தார்கள்.
பிறகு மாதக்கணக்கில் குளிசை என்று சொன்னேன்.
அவள் கேட்டது வேறு.

'எந்த இடத்து மண்ணில பிடிச்சது, தங்கச்சி?'

சொல்ல ஏலாது அக்கா, எங்கேயும் இருக்கும்.

'இல்ல, அந்த ஏழாம் லேன்
போன மாசம் வெள்ளைக் கட்டை அடிச்சுக் குடுத்திட்டம்.
சனம் உழுதிட்டுது.'

ஊசி ஏறாத கையால்
கட்டில் விரிப்பில் நீளமாய் ஒரு கோடு இழுத்தாள்.
கோட்டுக்கு இந்தப் பக்கம்
விரலை ஊன்றி வைத்திருந்தாள்.

'இஞ்சாலதான் நான் முழங்கால் வைச்சது.
ஆரிட்டச் சொல்லோணும்?'